அடுத்த பிராசசருக்கு இடம் இருக்கிறதா?

அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள் முதலில் விசாரிப்பது பிராசசரைத்தான். ஐ5 போதுமா, ரைசன் 7 வேண்டுமா, ராம் எத்தனை ஜிபி போடலாம் என்று பேச்சு நீளும். மதர்போர்டைக் கடைக்காரர் விருப்பத்துக்கே விட்டுவிடுவார்கள்; பட்ஜெட் இடித்தால் முதலில் கை வைப்பதும் அதில்தான். ஐந்தாறு ஆண்டுகள் கழித்து இயந்திரம் மந்தமாகும்போது பிராசசரை மட்டும் மாற்றினால் போதுமா, எல்லாவற்றையும் புதிதாக வாங்க வேண்டுமா என்பது அந்தப் பலகையைப் பொறுத்த விஷயம்.

பிராசசர் உட்காரும் இடம் சாக்கெட். ஏஎம்டி நிறுவனம் 2016இல் கொண்டுவந்த ஏஎம்4 சாக்கெட்டில் 1331 துளைகள். 2017 மார்ச்சில் வந்த முதல் ரைசனும், 2022 ஏப்ரலில் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டியும் அதே துளைகளில்தான் உட்காருகின்றன. இன்டெல் போன வழி வேறு. 2015இல் ஸ்கைலேக் பிராசசர்களோடு வந்த சாக்கெட்டுக்கு எல்ஜிஏ 1151 என்று பெயர். 2017 அக்டோபரில் வந்த காபி லேக் பிராசசர்களுக்கும் அதே 1151தான். ஆனால் பழைய போர்டில் புதியது ஓடாது. சில பின்களின் வேலை மாறியிருந்தது, சிப்செட்டும் புதிதாக வேண்டும் என்று இன்டெல் சொல்லிவிட்டது. ஆகவே சாக்கெட்டின் பெயரை மட்டும் நம்பி எதிர்காலத் திட்டம் போட முடியாது.

ஏஎம்4இலும் எல்லாம் தானாக நடந்துவிடவில்லை. பிராசசரை அடையாளம் கண்டு எழுப்பிவிடும் பயாஸ் மென்பொருள், மதர்போர்டில் விரல் நகத்தைவிடச் சிறிய ஒரு சிப்பில் இருக்கிறது. பல ஏஎம்4 பலகைகளில் அந்தச் சிப்பின் கொள்ளளவு வெறும் 16 எம்பி. ஒவ்வொரு தலைமுறைப் பிராசசருக்கும் தனித்தனிக் குறிமுறை சேரச் சேர, சிப் நிரம்பிவிட்டது. 2020 மே மாதம் ஏஎம்டி, அடுத்து வரும் ரைசன் 5000 வரிசை பழைய 400 வரிசை பலகைகளில் ஓடாது என்று அறிவித்தது. வாங்கியவர்கள் கொதித்தார்கள். அதே மாதத்திலேயே நிறுவனம் முடிவை மாற்றிக்கொண்டது. இடம் பண்ணுவதற்காகச் சில தயாரிப்பாளர்கள் பயாஸ் திரையின் படங்களை எடுத்துவிட்டு எளிய திரையாக்கினார்கள். சிலர் பழைய பிராசசர்களுக்கான ஆதரவைக் கழற்றினார்கள். 2022இல் முதல் தலைமுறைப் பலகைகளுக்கும் அந்த வாய்ப்பு வந்தது. மக்கள் குரல் கொடுத்துப் பெற்ற ஆயுள் இது.

அதன் மதிப்பு இப்போதுதான் முழுதாகத் தெரிகிறது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. முதல் தலைமுறை ரைசன் விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை. ரைசன் 5000 இருக்கிறது. ஒரு பிராசசரை மாற்றினால் அதே பலகை, அதே ராம், அதே பெட்டி இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். நல்ல நிலையில் இருக்கும் பொருளை மின்கழிவாக்குவது எனக்குப் பொறுக்காத விஷயம்.

மாற்றும் வேலையில் வரிசை முக்கியம். பழைய பிராசசர் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும்; யூபிஎஸ் இல்லாமல் அதில் இறங்கக் கூடாது, நடுவில் கரண்ட் போனால் பலகை எழுந்திருக்காமல் போகலாம். ஏஎம்4 பிராசசருக்கு அடியில்தான் பின்கள். தெர்மல் பேஸ்ட் காய்ந்து இறுகியிருந்தால், கூலரை நேராக மேலே இழுக்கும்போது பிராசசரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், பின்கள் வளையும். சிறிது நேரம் இயந்திரத்தை ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகி, பிடி விட்ட பிறகே தூக்க வேண்டும். 2022இல் வந்த ஏஎம்5இல் பின்கள் சாக்கெட்டுக்கு மாறிவிட்டன, பிராசசரை ஓர் இரும்புச் சட்டம் பிடித்துக்கொள்கிறது. அந்தத் தொல்லை இல்லை.

ராம் விஷயத்தில் பழைய புத்திமதி ஒன்று இன்று எதிராகத் திரும்பியிருக்கிறது. இப்போது இரண்டு ஸ்டிக் போடுங்கள், பிறகு மீதி இரண்டு ஸ்லாட்டையும் நிரப்பலாம் என்பார்கள். டிடிஆர்4 காலத்தில் அது பெரும்பாலும் சரிவந்தது. டிடிஆர்5இல் அப்படியில்லை. ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி அறிவித்த வேகம் இரண்டு ஸ்டிக் என்றால் 5200, நான்கு என்றால் 3600. நொடிக்கு 83.2 ஜிபி கடந்த பாதையில் 57.6 ஜிபிதான் கடக்கும். கொள்ளளவு இரட்டிப்பாகும்போது வேகம் மூன்றில் ஒரு பங்கு போல விழுகிறது.

காரணம் செம்புத் தடத்தில் இருக்கிறது. 5200 வேகத்தில் ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் ஒரு நொடியில் 520 கோடியில் ஒரு பங்கு. அதற்குள் சிக்னல் தடத்தில் சுமார் 3 செ.மீ. தூரம்தான் போகும். இரண்டு ஸ்லாட்டுகள் ஒரே தடத்தில் தொங்குவதால், கிணற்றுக்குள் கூப்பிட்ட குரல் திரும்பி வருவதுபோல் ஒவ்வொரு கிளையிலும் சிக்னலின் ஒரு பகுதி எதிரொலிக்கிறது. பின்னால் வரும் பிட்டோடு அது கலந்துவிடுகிறது. வேகத்தைக் குறைத்தால்தான் பிட்டுகளைப் பிரித்தறிய முடியும். இரண்டே ஸ்டிக் போடும்போதும் பெரும்பாலான பலகைகளில் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் போடச் சொல்வது இதனால்தான்: தடத்தின் நுனியில் ஸ்டிக் இருந்தால், சும்மா நீட்டிக்கொண்டிருக்கும் வால் இருக்காது.

எனவே டிடிஆர்5 வாங்குகிறவர்கள் ஐந்து ஆண்டுத் தேவையை யோசித்து இரண்டு ஸ்டிக்கில் முடிப்பது நல்லது. 2025 கடைசியில் ஏஐ தரவு மையங்களின் தேவையால் ராம் விலை ஏறிய ஏற்றத்தில் இது கசப்பான யோசனைதான். கையைக் கடித்தால் இப்போது 16 ஜிபி ஜோடி, பிறகு அதை விற்றுவிட்டு 32 ஜிபி ஜோடி என்று போகலாம்.

பிராசசருக்கு நேர்மாறான கணக்கு. இன்று நடுத்தரமானதை வாங்குங்கள். ஒரு தலைமுறைக்கும் அடுத்ததற்கும் இடையே கிடைக்கும் வேகத்துக்காகப் பணம் செலவழிக்க வேண்டாம். அந்தச் சாக்கெட்டுக்கான கடைசி வரிசை வந்து, விலையும் இறங்கிய பிறகு ஒரே தாவலாகத் தாவலாம். ஏஎம்5க்கு 2027 வரையாவது ஆதரவு உண்டு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. வருங்காலப் பிராசசர் அதிக மின்சாரம் கேட்கலாம் என்பதால் பவர் சப்ளையிலும், பலகையின் மின்னழுத்தச் சீராக்கிப் பகுதியிலும் கொஞ்சம் தாராளம் வேண்டும்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. அதே தயாரிப்பாளரின் ஐந்து ஆண்டுப் பழைய பலகை ஒன்றின் ஆதரவுப் பக்கத்தைத் திறந்து, கடைசி பயாஸ் எந்தத் தேதியில் வந்திருக்கிறது என்று பாருங்கள். போன வருடம்கூட ஒன்று வந்திருந்தால் பலகையை நம்பி வாங்கலாம்.