கண்ணாடி நாரில் ஒரு பாய்மரப் படகு

ரப்பர்ப் பாலில் திராவகம் சேர்த்தால் அது உறைந்து கட்டியாவதை நாம் அறிவோம். அளவு தவறினால் சரக்குக் கெடும் என்பதும் நமக்குத் தெரியும். கையாலே கண்ணாடி நார்ப் படகு கட்டும் தொழிலிலும் இத்தகைய அளவுதான் உயிர்நாடி.

உருக்கிய கண்ணாடியை மிக மெல்லிய இழைகளாக இழுத்தால் கண்ணாடி நார் கிடைக்கிறது. இதையே ஃபைபர்கிளாஸ் என்கிறோம். அது துணிபோல் வளையும். பாலியெஸ்டர் ரெசின் என்பது தேன் போன்ற திரவம். அது மட்டும் உறைந்தால் எளிதில் உடையும். இரண்டும் சேர்ந்தாலோ உறுதி பிறக்கிறது. மண்சுவர் வைக்க நம் முன்னோர் களிமண்ணில் வைக்கோலைச் சேர்த்து மிதித்ததும் இதே காரணத்தால்தான்.

1942-இல் அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில் ரே கிரீன் என்பவர் இம்முறையில் சிறு பாய்மரப் படகு ஒன்றைச் செய்தார். 1959-இல் ரோட் ஐலண்டில் 28 அடி நீளமுள்ள 'டிரைட்டன்' வெளிவந்தது. அவ்வகைப் படகுகள் சுமார் எழுநூறு கட்டப்பட்டன.

படகு எப்படி உருவாகிறது? முதலில் குழிவான அச்சு வேண்டும். இட்லித் தட்டில் எண்ணெய் தடவுவதுபோல், ஒட்டாதிருக்க அச்சில் மெழுகு பூசுவார்கள். அதன்மேல் வழவழப்பான நிறப்பூச்சு. பிறகு நார்விரிப்பைப் பரப்பி, ரெசினால் நனைத்து, உருளையால் அழுத்திக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றுவார்கள். இப்படியே அடுக்கடுக்காக வளரும். உள்ளே தங்கிவிட்ட குமிழி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அந்த இடம் பலவீனமாகிவிடும். கடைசியில், காற்றில் சாய்ந்த படகு மீண்டும் நிமிர்வதற்காக, அடியில் ஈயம் அல்லது இரும்பு எடை பொருத்தப்படும்.

ரெசினை உறையவைப்பது வினையூக்கி. நூறு பங்கு ரெசினுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு போதும். உறையும்போது சூடு பிறக்கும். நம் நாட்டு வெப்பத்தில் விரைவாகவே உறையும். ஆகவே, சிறிது சிறிதாகக் கலப்பதே நல்லது. வாளி நிறையக் கலந்து வைத்தால் அது கொதித்துப் புகையும்.

இங்கேதான் நாம் விழிப்பாக இருக்க வேண்டும். வினையூக்கி ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வை போகக்கூடும். பட்டால் உடனே கால்மணி நேரமாவது நீரால் கழுவி, மருத்துவமனைக்கு விரைய வேண்டும். ரெசினைத் துரிதப்படுத்தும் கோபால்ட் மருந்தை வினையூக்கியோடு நேரடியாகக் கலந்தால் வெடிக்கும். ரெசின் ஆவி தலைச்சுற்றலைத் தரும், தீயும் பற்றும். காற்றோட்டம் வேண்டும், பக்கத்தில் சுருட்டும் சிகரெட்டும் கூடாது. நாரை அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் எழும் தூசு உடலை அரிக்கும், மூச்சை உறுத்தும்.

தண்ணீர்த் தொட்டி, படகு, வாகன உறுப்பு என இத்தொழில் பலவகை. நம் பிள்ளைகளும் நாளை இதில் சேரலாம். சம்பளம் எவ்வளவு என்று கேட்கும்போதே, கண்காப்பும் கையுறையும் முகமூடியும் உண்டா என்றும் கேட்கச் சொல்லி அனுப்புவோம். கடலைத் தாங்கும் படகைக் கட்டுகிற கைகளுக்கும் காவல் வேண்டும் அல்லவா?