கன்டெய்னர் பார்த்துக்கும்

சர்வர் பக்கம் – 14

போன வாரம் சர்வ்லெட்டோடு நிறுத்தியிருந்தேன். 2002-ல் அதற்கு அடுத்த படியாக எங்களுக்குச் சொல்லித்தந்தது என்டர்பிரைஸ் ஜாவாபீன்ஸ், சுருக்கமாக ஈஜேபி. கோடம்பாக்கத்தில் ஒரு மாடி அறை. இருபது பேருக்குப் பன்னிரண்டு கம்ப்யூட்டர். சர்வரை ஸ்டார்ட் செய்துவிட்டுக் கீழே இறங்கி டீ குடித்துவிட்டு வந்தால், அது அப்போதுதான் கடைசி வரியை எழுதிக்கொண்டிருக்கும்.

வகுப்பெடுத்த சாரிடம் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: “அதை கன்டெய்னர் பார்த்துக்கும்பா.”

அவரையும் குறை சொல்ல முடியாது. ஈஜேபியின் வாக்குறுதியே அதுதான். பேங்க், இன்ஷூரன்ஸ், டிக்கெட் புக்கிங் என்று எந்தப் பெரிய மென்பொருளை எடுத்தாலும் அதன் சொந்த விதிகள் கொஞ்சம்தான். வட்டி எப்படிக் கணக்கிடுவது, யாருக்கு எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்பது போன்றவை. மீதியெல்லாம் எல்லோருக்கும் பொதுவான பாடு: ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் வந்தால் சமாளிப்பது, டேட்டாபேஸ் இணைப்புகளைப் பங்கிட்டுக் கொடுப்பது, பாதி வழியில் கோளாறு வந்தால் பழைய நிலைக்குத் திரும்புவது. இதையே ஒவ்வொரு நிறுவனமும் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தது. 1998-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்ட ஈஜேபி 1.0 விதிமுறை, இந்தப் பாட்டையெல்லாம் கன்டெய்னர் என்ற ஒன்றின் தலையில் கட்டியது. வெப்லாஜிக், வெப்ஸ்பியர் எல்லாம் அந்தக் கன்டெய்னராக விற்கப்பட்ட சரக்குகள். காசில்லாதவர்களுக்கு ஜேபாஸ் இருந்தது. எங்கள் அறையில் ஓடியதும் அதுதான்.

அந்தக் கன்டெய்னருக்குள் நாம் எழுதிப் போடும் துண்டுக்குத்தான் பீன் என்று பெயர். அதன் வகைகளில் செஷன் பீன் எனக்குச் சட்டென்று பிடிபட்டது. அதில் இரண்டு ரகம். ஸ்டேட்லெஸ் என்பது பேங்க் கவுன்டர் மாதிரி. எந்த கவுன்டரில் நின்றாலும் வேலை நடக்கும், முந்தின ஆள் யார் என்று உள்ளே இருப்பவருக்கு ஞாபகம் இருக்க வேண்டியதில்லை. ஸ்டேட்ஃபுல் என்பது தையல்காரர் மாதிரி. உங்கள் அளவு அவர் நோட்டில் இருக்கும், பாதி தைத்த சட்டையும் அவரிடமே இருக்கும். கடையில் கூட்டம் அதிகமானால் அந்தச் சட்டையைப் பையில் போட்டுப் பரணில் ஏற்றிவிடுவார், நீங்கள் வந்ததும் இறக்குவார். பரணில் ஏற்றுவதற்கு ஈஜேபியில் பேஸிவேட், இறக்குவதற்கு ஆக்டிவேட் என்று பெயர்.

புரிந்துகொள்வது இவ்வளவு சுலபம். எழுதுவதுதான் வதை. ‘வணக்கம்’ என்று ஒரு வரி திருப்பி அனுப்பும் பீனுக்கு ஒரு ஹோம் இன்டர்ஃபேஸ், ஒரு ரிமோட் இன்டர்ஃபேஸ், ஒரு பீன் கிளாஸ், கூடவே ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு. பீன் கிளாஸுக்குள் காலியாகவே நிற்கும் நான்கைந்து மெத்தடுகள் வேறு. இதில் ஒரு வேடிக்கை: பீன் கிளாஸ், ரிமோட் இன்டர்ஃபேஸை ‘இம்ப்ளிமென்ட்’ செய்வதில்லை. இரண்டையும் சேர்த்துவைப்பவர் கன்டெய்னர். அதனால் ஒன்றில் ‘கெட்பேலன்ஸ்’ என்றும் மற்றதில் எழுத்துப்பிழையோடும் எழுதியிருந்தால் கம்பைலர் வாயே திறக்காது. டிப்ளாய் செய்யும்போதுதான் நாற்பது வரி சிவப்பாகக் கொட்டும். ஒரே ஒரு ‘எல்’ விட்டுப்போனதைத் தேடி ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன்.

என்டிட்டி பீன் பற்றி அதிகம் சொல்ல ஆசையில்லை. டேபிளின் ஒரு வரிசைக்கு ஒரு பீன் என்பது ஏட்டில் அழகு. ஐந்நூறு வாடிக்கையாளர்களைப் பட்டியலிடச் சொன்னால், முதலில் சாவிகளுக்கு ஒரு குவெரி, பிறகு ஒவ்வொருவருக்கும் ஒரு குவெரி என்று 501 முறை டேட்டாபேஸ் கதவைத் தட்டும்.

நான் உண்மையில் ஈஜேபி கற்றுக்கொண்டது பணப் பரிமாற்றப் பயிற்சியில்தான். ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு 500 ரூபாய் மாற்ற வேண்டும். எக்ஸ்எம்எல்லில் அந்த மெத்தடுக்கு ‘ரிக்வயர்டு’ என்று போட்டுவிட்டால் முழு வேலையும் ஒரே டிரான்ஸாக்‌ஷன். நடந்தால் எல்லாம் நடக்கும், இல்லாவிட்டால் எதுவும் நடக்காது. நான் என்ன நினைப்பில் இருந்தேனோ, முதலில் வரவு, அப்புறம் பற்று என்று எழுதிவிட்டேன். எடுக்க வேண்டிய கணக்கில் இருந்தது 200 ரூபாய்தான். நானே எழுதிய ‘இருப்பு போதாது’ எக்ஸப்ஷன் ஒழுங்காக வந்தது. திரையிலும் தெரிந்தது. டேபிளைத் திறந்து பார்த்தால், வாங்குகிறவர் கணக்கில் 500 ரூபாய் ஏறி உட்கார்ந்திருக்கிறது!

“கன்டெய்னர் பார்த்துக்கும்னு சொன்னீங்களே சார்?”

சார் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். அன்றைக்கு அவருக்கும் பதில் தெரியவில்லை. மறுநாள் விதிமுறைப் புத்தகத்தின் ஜெராக்ஸ் பக்கங்களோடு வந்தார்.

விஷயம் இதுதான். கன்டெய்னருக்கு எக்ஸப்ஷன் இரண்டு ஜாதி. எது எந்தக் கிளாஸை எக்ஸ்டெண்ட் செய்கிறது என்பதை வைத்து ஜாதி பிரிக்கும். டேட்டாபேஸ் விழுந்தது, நல் பாயின்டர் வெடித்தது போன்றவை சிஸ்டம் கோளாறு. வந்தால் கேட்காமலே ரோல்பேக். ‘இருப்பு போதாது’ என்பதோ அதன் பார்வையில் கோளாறே இல்லை, வியாபாரத்தில் நடக்கிற சமாசாரம். யார் கண்டது, தோற்றுப்போன முயற்சியைக் கூட நீங்கள் பதிவுசெய்து வைக்க விரும்பலாம். எனவே முடிவை உங்களிடம் விட்டுவிட்டு, அதுவரை நடந்ததைக் கமிட் செய்துவிடும். வேண்டாமென்றால் எக்ஸப்ஷனை வீசுவதற்கு முன் ‘செட்ரோல்பேக்ஒன்லி’ என்று நீங்களே சொல்ல வேண்டும். யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். ஆனால் அந்த நியாயத்தை யாரும் முதல் நாள் வகுப்பில் சொல்வதில்லை.

பிறகு நடந்தது ஊரறிந்த கதை. ராட் ஜான்சன் என்ற ஆஸ்திரேலியர் 2002-ல், ஈஜேபியையும் உள்ளடக்கிய ஜே2ஈஈ பற்றி ஒரு தடித்த புத்தகம் எழுதினார். அதில் இருந்த நிரல் வளர்ந்து, 2004-ல் ஸ்பிரிங் 1.0 ஆக வெளிவந்தது. இத்தனை சடங்கு இல்லாமலே சாதாரண ஜாவா கிளாஸை வைத்து இதையெல்லாம் செய்யலாம் என்று அது காட்டியது. ஈஜேபிக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. 2006-ல் வந்த 3.0-ல் ஹோம் இன்டர்ஃபேஸ் போனது, எக்ஸ்எம்எல் எழுதியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் போனது. கிளாஸ் தலையில் ‘அட் ஸ்டேட்லெஸ்’ என்று ஒரு குறிப்பு வைத்தால் போதும் என்றானது. என்டிட்டி பீனின் இடத்துக்கு ஜேபிஏ வந்தது. ஆனால் அதற்குள் கூட்டம் ஸ்பிரிங் பக்கம் நகர்ந்துவிட்டது. நானும் நகர்ந்தேன். காலி மெத்தடுகளை எழுதி எழுதித் தேய்ந்த விரல்களுக்கு அது பெரிய விடுதலை.

சமீபத்தில் ஒரு மாலை, பக்கத்து மேஜையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் கூப்பிட்டாள். அவள் எழுதுவது ஸ்பிரிங்கில்தான், ஈஜேபி என்ற பெயரையே கேள்விப்பட்டதில்லை.

“அண்ணா, ஒரு நிமிஷம் வர்றீங்களா? ஸ்டாக் இல்லன்னு எக்ஸப்ஷன் வருது, ஆனா ஆர்டர் மட்டும் டேபிள்ல ஏறியிருக்கு. மேல ‘அட் டிரான்ஸாக்‌ஷனல்’னு போட்டிருக்கேனே, அது பார்த்துக்காதா?”

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

“அந்த எக்ஸப்ஷன் எதை எக்ஸ்டெண்ட் பண்ணுதுன்னு காட்டும்மா,” என்றேன்.

(தொடரும்)