நோயறியும் நுண்மணிகள்

காய்ச்சல் என்பது நோயின் அறிகுறியேயன்றி நோயன்று. ஒரே வகையான காய்ச்சலைப் பல்வேறு கிருமிகள் விளைவிக்கக்கூடும். எக்கிருமி உடலிற் புகுந்தது என அறிந்தாலன்றி ஏற்ற மருந்தைத் தேர்ந்தளித்தல் அரிது. மூளையுறை அழற்சி போன்ற கொடிய நோய்களில் சில மணி நேரத் தாமதமும் உயிருக்கு இறுதி விளைவிக்கலாம். கிருமியை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துக் காண்பதற்கோ ஓரிரு நாள் வேண்டும். இவ்விடர்ப்பாட்டில் மருத்துவருக்குத் துணைபுரிவன செயற்கை நுண்மணிகள்.

ஸ்டைரீன் என்னும் நீர்மத்தைச் சவர்க்காரம் கலந்த நீரிற் சிதறச்செய்து தக்க முறையில் வினைப்படுத்தினால், அதன் மூலக்கூறுகள் சங்கிலிபோற் பிணைந்து பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக் உருண்டைகளாகும். இச்சோதனைக்குரிய மணியின் குறுக்களவு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரின் 1000-இல் ஒரு பங்கினும் குறைவு. நீரிற் பரவிய இம்மணிகள் ரப்பர்ப் பால்போல் வெண்மையாகத் தோன்றுவதால், அக்கலவையை லேடெக்ஸ் என்பர்.

கிருமியை எதிர்க்க உடல் ஆக்கும் புரதம் எதிர்ப்பொருள் எனப்படும். ஒவ்வோர் எதிர்ப்பொருளும் தனக்குரிய கிருமியின் கூற்றையே பற்றும். அதனை மணிகளின்மேற் படியச்செய்து, அக்கலவையின் ஒரு துளியை நோயாளியின் தண்டுவட நீர்மத்துளியோடு கண்ணாடித் தகட்டிற் கலந்து அசைப்பர். அந்நீர்மத்தில் கிருமியின் கூறுகள் இருப்பின், அவை மணிகளை ஒன்றோடொன்று பிணைக்கும். சில நிமிடங்களில் பால் திரிந்தாற்போலச் சிறு திரள்கள் புலனாகும். கூறுகள் இல்லையேல் கலவை ஒருசீராகவே இருக்கும்.

1956-ஆம் ஆண்டில் சிங்கர், பிளாட்ஸ் என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர் முடக்குவாதத்தை அறிய இத்தகைய சோதனையை வகுத்தனர். பின்னர் அது தொற்றுநோய்களுக்கும் பயன்படலாயிற்று.

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் 1823-இல் மருத்துவப் பள்ளி ஒன்றை நிறுவினர். அதன் வழிவந்ததே கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் மருத்துவ நிலையம். நாயின் குடலில் வாழும் ஒரு நாடாப்புழுவின் முட்டை மனிதர் வயிற்றிற் புகுந்தால், கல்லீரல் முதலிய உறுப்புகளில் நீர்க்கட்டி தோன்றும். கட்டியை அகற்றிய பின்னும் எதிர்ப்பொருள் நெடுநாள் குருதியில் தங்குவதால், அதனைமட்டுங் கொண்டு நோய் நீங்கியதா என்று துணிதல் இயலாது. ஆகவே, புழுவின் கூற்றையே குருதிநீரிற் கண்டறியும் லேடெக்ஸ் சோதனையொன்றை ஆராய்ந்து, ஜிப்மர் அறிஞர் 2003-இல் வெளியிட்டனர்.

இச்சோதனைக்கு விலைமிக்க கருவி வேண்டுவதில்லை; சிற்றூர் மருத்துவமனையிலும் செய்யலாம். எனினும், கிருமியின் கூறு மிகக் குறைவாயின் திரள் தோன்றாமற் போகலாம். வேறு பொருளால் பொய்த்திரள் தோன்றுதலும் உண்டு. ஆதலின், நுண்மணி விரைந்து உணர்த்துவதை வேறு சோதனைகளாலும் உறுதிசெய்து, நோயாளியின் நிலையோடு ஒப்புநோக்கித் தெளிதல் மருத்துவரின் கடமையாகும்.