பார் ஃபார் தி கோர்ஸ் (ஆங்கில மரபுத்தொடர்)

"பார் ஃபார் தி கோர்ஸ்" என்பது ஆங்கிலப் பேச்சிலும் செய்தித்தாள்களிலும் அடிக்கடி வரும் மரபுத்தொடர் ஆகும். "எதிர்பார்த்ததுதான்", "வழக்கமாக நடப்பதுதான்" என்பது இதன் பொருள். இதிலுள்ள "கோர்ஸ்" என்ற சொல்லைப் படிப்பு என்று எண்ணி, "பாடத்திட்டத்திற்கு உட்பட்டது" என்று எழுதிய மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். இங்கே அது கோல்ஃப் ஆடும் திடலைக் குறிக்கிறது.

"பார்" இலத்தீன் சொல். சமம் என்று பொருள். கோல்ஃபுக்கு வருமுன் இது பங்குச் சந்தையில் புழங்கியது. ஒரு பத்திரம் அதன் முகமதிப்புக்கே விற்றால் அது "பார்" விலை. 1870இல் ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக் திடலில் ஓப்பன் போட்டி நடந்தபோது, ஏ. எச். டோல்மன் என்ற எழுத்தாளர் ஆட்டக்காரர்கள் இருவரிடம் ஒரு கேள்வி கேட்டார். அங்குள்ள 12 குழிகளையும் பிழையில்லாமல் ஆடினால் எத்தனை அடிகளில் முடிக்கலாம்? 49 என்றார்கள். டோல்மன் அந்த எண்ணுக்குப் "பார்" என்று பெயர் வைத்தார். மூன்று சுற்றுகளுக்கு 147 ஆகிறது. அந்த ஆண்டு வென்ற இளைய டாம் மாரிஸ் எடுத்துக்கொண்டது 149. இன்று 18 குழிகள் கொண்ட திடல்களில் ஒவ்வொரு குழிக்கும் 3, 4 அல்லது 5 அடிகள் என்று பார் குறிக்கிறார்கள்; மொத்தம் பெரும்பாலும் 72ஐ ஒட்டி வரும்.

திடலுக்கு வெளியே இத்தொடர் பெரும்பாலும் விரும்பத்தகாதவற்றுக்கே வருகிறது. இலண்டனில் ரயில் தாமதமானால் பயணி அலுப்போடு இதைச் சொல்வார். "வேறென்ன எதிர்பார்க்க முடியும்!" என்று தமிழில் சொல்வது போல. ஆனால் மருத்துவர் ஒருவர், "அறுவை சிகிச்சைக்குப் பின் சில நாள் களைப்பாக இருப்பது பார் ஃபார் தி கோர்ஸ்" என்றால் அதில் அலுப்பு இல்லை. "இது எல்லாருக்கும் வருவதுதான், பயப்படாதீர்கள்" என்ற ஆறுதல். எனவே மொழிபெயர்க்கும்போது சொல்பவர் யார், எந்த மனநிலையில் சொல்கிறார் என்று பார்த்த பிறகே தமிழ்ச் சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பாராட்டும் இடத்தில் இதைத் தவிர்க்கவும். பரிந்துரைக் கடிதம் எழுதிக் கொடுத்த ஆசிரியரிடம், "உங்கள் உதவி பார் ஃபார் தி கோர்ஸ்" என்றால், "அதில் பெரிதாக என்ன இருக்கிறது" என்பது போல் அவர் காதில் விழும்.

இதனோடு சேர்த்துக் கற்க வேண்டியது "பிலோ பார்" என்ற தொடர். கோல்ஃபில் குறைவான அடிகளில் முடிப்பவரே வெல்வார். ஆகவே பாருக்குக் கீழே போவது அங்கே திறமை. அன்றாட ஆங்கிலத்திலோ இது நேர்மாறு. ஒருவரின் வேலை "பிலோ பார்" என்றால் தரம் போதவில்லை என்று பொருள். சந்தையில் முகமதிப்புக்குக் கீழே விலை போன பத்திரத்தை நினைத்துக்கொண்டால் குழப்பம் வராது. "இன்று நான் பிலோ பாராக உணர்கிறேன்" என்று நண்பர் சொன்னால் கைகொடுத்து வாழ்த்த வேண்டாம். அவருக்கு உடம்பு சரியில்லை.