அப்பா தூக்கத்தில் அடிக்கிறார் என்றால்…

தூக்கத்தில் எழுந்து நடப்பதையும், தூக்கத்தில் கை காலை வீசி அடிப்பதையும் நாம ஒரே கணக்கில்தான் எழுதுகிறோம். ஊரில் கேட்டால் இரண்டுக்கும் 'காத்து கருப்பு' என்று ஒரே பதில். கொஞ்ச நாளாக இதைத் தோண்டிப் படித்ததில், இரண்டும் வேறு வேறு சமாச்சாரம் என்று தெளிவாகியது.

நடப்பது ஆழ்ந்த தூக்கத்தில் வருவது, பெரும்பாலும் இரவின் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள். மூளையில் ஒரு பகுதி விழித்துக்கொள்ளும், மற்றது தூங்கிக்கொண்டே இருக்கும். கண் திறந்திருக்கும், கூப்பிட்டால் சரியான பதில் வராது, காலையில் கேட்டால் "நானா?" என்பார்கள். குழந்தைகளிடம்தான் அதிகம். வளர வளரப் பெரும்பாலும் தானாக நின்றுவிடும். நடப்பவரை எழுப்பினால் உயிருக்கே ஆபத்து என்பதெல்லாம் சும்மா. மிரண்டு குழம்பிப்போவார், அவ்வளவுதான். மெதுவாகப் படுக்கைக்குத் திருப்பிவிட்டு, மாடிக் கதவைப் பூட்டி வையுங்கள்.

என்னை உலுக்கியது இரண்டாவது வகை.

நாம் அதிகம் கனவு காணும் கட்டத்துக்கு 'ரெம்' தூக்கம் என்று பெயர். அப்போது மூளைத்தண்டு உடம்புக்கு ஒரு பூட்டுப் போட்டுவிடும். மூச்சுக்கும் கண்ணுக்குமான தசைகள் போக, மற்றதெல்லாம் ஏறக்குறைய செயலிழந்து கிடக்கும். விழித்த பிறகும் சில நொடிகள் அந்தப் பூட்டு திறக்காவிட்டால், அதுதான் நம்ம ஊர் 'அமுக்குவான் பேய்'. சரி, பூட்டே விழாவிட்டால்?

பிரான்சின் லியோன் நகரில் மிஷேல் ழூவே 1960களில் பூனைகளை வைத்து இதைப் பார்த்தார். மூளைத்தண்டில் குறிப்பிட்ட சிறு பகுதியைச் சேதப்படுத்தியதும், பூனைகள் ரெம் தூக்கத்திலேயே எழுந்து, இல்லாத இரையைப் பதுங்கிப் பாய்ந்தன. மனிதர்களுக்கும் இப்படி ஒரு நோய் உண்டு என்று 1986-ல் அமெரிக்காவின் மின்னியாபொலிஸில் கார்லோஸ் ஷெங்க், மார்க் மஹோவால்ட் குழுவினர் எழுதினார்கள். அவர்களிடம் வந்த ஒரு பெரியவர், கனவில் கால்பந்து ஆடி, எதிராளி என்று நினைத்து அலமாரியில் போய் மோதியவர். நடப்பவரைப் போல இல்லை. இவர்களை எழுப்பினால் கனவைக் கோர்வையாகச் சொல்வார்கள். யாரோ துரத்துவது, நாய் பாய்வது, சண்டை. ஐம்பது தாண்டிய ஆண்களிடம் அதிகம் தெரியவருகிறது. அடி வாங்குவது பக்கத்தில் படுத்திருக்கும் மனைவி.

விஷயம் இதோடு நிற்கவில்லை. அதே குழு, வேறு காரணம் தெரியாமல் இந்த நோய் வந்த 29 ஆண்களைப் பின்தொடர்ந்து 1996-ல் வெளியிட்ட கணக்கில், 38 சதவீதம் பேருக்குப் பார்க்கின்சன் வகை நோய் வந்திருந்தது. 2019-ல் பல மையங்கள் சேர்ந்து 1280 பேரைப் பார்த்த ஆய்வின் மதிப்பீடு இன்னும் கனமானது: 12 வருடத்தில் 73.5 சதவீதம் பேருக்குப் பார்க்கின்சனோ அதன் உறவுக்கார மறதி நோயோ வரலாம். ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதம் கட்டி தட்டி நரம்புகளைக் கெடுப்பதுதான் இதன் அடிப்படை. பலருக்கு அது மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியை முதலில் தொடுகிறது. அதனால் கை நடுங்குவதற்குப் பல வருடம் முன்பே கனவின் பூட்டு உடைகிறது.

இதை நோயாளியிடம் சொல்வதா? தடுக்க மருந்து இன்னும் இல்லையே. "எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்?" என்று அவரையே முதலில் கேட்பதுதான் நியாயம் என்று எனக்குப் படுகிறது. பிள்ளைகள் கூடி மறைத்துவைப்பது நம் வீடுகளில் சகஜம். எனக்கு அதில் சம்மதம் இல்லை.

அதற்காக, உதைக்கிற எல்லோருக்கும் பார்க்கின்சன் என்று பயந்துவிட வேண்டாம். சில மனச்சோர்வு மாத்திரைகளாலும் இது வரும். தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோயும் இதைப் போலவே தோற்றம் காட்டும். இரவு முழுக்க வீடியோவோடு தூக்கப் பரிசோதனை செய்தால்தான் உறுதியாகும். அடிதடி குறைய மெலடோனின், குளோனசிபாம் கொடுக்கிறார்கள். அதுவரை கட்டில் பக்கத்திலிருந்து கண்ணாடி, மேசை முனை எல்லாவற்றையும் நகர்த்துங்கள். டாக்டரிடம் போகும்போது அம்மாவையும் கூட்டிப் போங்கள். ராத்திரி நடந்தது அவருக்குத்தான் தெரியும்.