பாதிப் பலகைகள் தீராதவை

மொபைலுக்கு ஒரு விளையாட்டு எழுதிப் பார்க்கும் ஆசையில், வேலை முடிந்த இரவுகளில் லேப்டாப்பைத் திறப்பவர்கள் பலர் முதலில் கைவைப்பது எண் நகர்த்தும் புதிரில்தான். நான்குக்கு நான்கு கட்டம், 1 முதல் 15 வரை எண் கட்டைகள், ஓர் இடம் காலி. விரல் பட்ட கட்டை பக்கத்துக் காலியிடத்துக்கு நகர வேண்டும், அவ்வளவுதான். ஓவியர் வேண்டாம், இசை வேண்டாம். முதல் முயற்சிக்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டு இல்லை என்பேன்.

ஆட்டம் தொடங்குமுன் எண்களைக் கலைக்க வேண்டுமே. ஜாவாவிலும் கோட்லினிலும் அதற்கு ஆயத்தமாக ஒரு கட்டளை உண்டு. ஒரே வரியில் பட்டியல் கலைந்துவிடும். வினை அந்த வரியில்தான் இருக்கிறது. அப்படிக் கலைத்துக் கிடைக்கும் பலகைகளில் சரிபாதியை யாராலும் எத்தனை ஆண்டு முயன்றாலும் தீர்க்க முடியாது.

ஆடுபவருக்கு இது தெரியாது. மூன்று வரிசைகளை அழகாக அடுக்கிவிடுவார். கடைசி வரிசையில் 13, 15, 14 என்று வந்து நிற்கும். கலைத்துக் கலைத்து மறுபடி முயல்வார். தனக்குத்தான் சாமர்த்தியம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு ஆப்பை மூடுவார். தீர்வே இல்லாத ஒன்றைக் கொடுத்து ஒருவரைத் தன்னைத்தானே நொந்துகொள்ள வைப்பது பெரிய அநியாயம்.

இதே அநியாயம் 1880-இல் அமெரிக்காவையே ஆட்டி வைத்தது. நியூயார்க் மாநிலத்தின் கனஸ்டோட்டா ஊரில் அஞ்சலக அதிகாரியாக இருந்த நோய்ஸ் சாப்மன் உருவாக்கியதாகக் கருதப்படும் இந்தப் புதிர், அப்போது ஒரு சிறு பெட்டிக்குள் உதிரிக் கட்டைகளாக விற்கப்பட்டது. கட்டைகளை வெளியே எடுத்து, மனம்போனபடி பெட்டிக்குள் வைத்து, பிறகு நகர்த்தி வரிசைப்படுத்த வேண்டும். இன்றைய கலைக்கும் கட்டளை செய்வதும் அச்சு அசலாக அதுவே. 14-ம் 15-ம் மட்டும் இடம் மாறி நிற்கும் பலகையோடு மல்லுக்கட்டியவர்களுக்குக் கணக்கில்லை. புதிரைத் தானே கண்டுபிடித்ததாகப் பின்னாளில் சாம் லாய்ட் சொல்லிக்கொண்டார், அது உண்மையல்ல. 14-ம் 15-ம் மாறிய அந்தப் பலகை ஏன் தீராது என்பதை ஜான்சன், ஸ்டோரி என்ற இரு கணிதவியலாளர்கள் 'அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ்' இதழில் நிறுவிவிட்டார்கள்.

காரணம் பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். பலகையைச் சதுரங்கப் பலகைபோல் கறுப்பு, வெள்ளையாக மாற்றி மாற்றி வண்ணம் பூசுங்கள். ஒவ்வொரு நகர்விலும் காலியிடம் கறுப்பிலிருந்து வெள்ளைக்கோ, வெள்ளையிலிருந்து கறுப்புக்கோ போகும். ஆகவே வலது கீழ் மூலையிலிருந்து கிளம்பிய காலியிடம் அதே மூலைக்குத் திரும்பினால், நகர்வுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாகத்தான் இருக்கும். ஒவ்வொரு நகர்வும் ஒரு கட்டையும் காலியிடமும் இடம் மாற்றிக்கொள்வது. எனவே மொத்த இடமாற்றங்களும் இரட்டைப்படை. 14-ஐயும் 15-ஐயும் மட்டும் மாற்றுவது ஒரே ஓர் இடமாற்றம், ஒற்றைப்படை. இரண்டும் ஒருநாளும் ஒத்துப்போகாது.

இதைப் புரோகிராமில் சோதிப்பதும் எளிது. காலியிடத்தை வலது கீழ் மூலையில் வைத்துக்கொண்டு மற்ற எண்களை வரிசையாகப் படியுங்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் அதைவிடச் சிறிய எண்கள் எத்தனை வருகின்றன என்று எண்ணி, எல்லாவற்றையும் கூட்டுங்கள். கூட்டுத்தொகை இரட்டைப்படை என்றால் பலகை தீரும். ஒற்றைப்படை என்றால் ஏதாவது இரண்டு கட்டைகளை இடம் மாற்றுங்கள். பலகை உடனே தீரக்கூடியதாகிவிடும். சில வரிகள்தான்.

வேறொரு வழியும் உண்டு. தீர்ந்த பலகையில் தொடங்கி, விதிப்படியே கண்டபடி நகர்த்திக் கலைக்கலாம். வந்த வழியே திரும்பலாம் என்பதால் தீர்வு நிச்சயம். ஆனால் போன கட்டை அடுத்த நகர்விலேயே திரும்பி வந்து முன்னதை ரத்துசெய்வது அடிக்கடி நடக்கும். நூறு முறை நகர்த்தியும் பாதிக் கட்டைகள் வீட்டுக்குப் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கலாம். எனக்கு முதல் வழிதான் பிடிக்கும்.

கலைப்பதைச் சொந்தமாக எழுதத் துணிபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒவ்வோர் இடத்தையும் ஏதோ ஓர் இடத்தோடு மாற்று என்று எழுதினால் சரியாகத்தான் தோன்றும். மூன்று கட்டைகளுக்கே கணக்குப் போடுங்கள்: 27 வழிகள், 6 வரிசைகள். 27-ஐ ஆறால் மீதியின்றி வகுக்க முடியாது. எனவே சில வரிசைகள் மற்றவற்றைவிட அடிக்கடி வரும். ஏற்கெனவே முடிவான இடங்களைத் தொடாமல், மீதமுள்ளவற்றிலிருந்து மட்டும் தேர்ந்தெடுக்கும் ஃபிஷர்–யேட்ஸ் முறையில் இந்தச் சாய்வு கிடையாது.

அடுத்தது, எந்தப் பலகை எவ்வளவு கடினம் என்ற கேள்வி. நான்குக்கு நான்கில் தீரக்கூடிய நிலைகளே சுமார் 10.46 லட்சம் கோடி. போனில் பட்டியல் போட்டு வைக்க முடியாது. எவ்வளவு மோசமாகக் கலைத்தாலும் 80 நகர்வுகளுக்குள் தீர்த்துவிடலாம் என்பது மட்டும் நிறுவப்பட்டிருக்கிறது. மூன்றுக்கு மூன்றில் கதையே வேறு: 1,81,440 நிலைகள்தான். தீர்ந்த பலகையிலிருந்து பின்னோக்கி ஒவ்வோர் அடியாகப் போனால், ஒவ்வொரு நிலைக்கும் குறைந்தபட்சம் எத்தனை நகர்வு தேவை என்ற முழு அட்டவணையையும் போன் நொடிப்பொழுதில் போட்டுவிடும். சராசரி சுமார் 22, அதிகபட்சம் 31. அந்த 31 தேவைப்படுபவை இரண்டே இரண்டு. ஒன்று இது: மேல் வரிசையில் 8, 6, 7, நடுவில் 2, 5, 4, கீழே 3, காலி, 1.

அட்டவணை கையில் இருந்தால், புதிதாக வருபவருக்கு எட்டு நகர்வுப் பலகையைக் கொடுக்கலாம். தேர்ந்தவருக்கு இருபத்தைந்தைக் கொடுக்கலாம். திணறி நிற்பவர் 'உதவி' பொத்தானைத் தொட்டால், அடுத்துச் செய்யக்கூடிய நகர்வுகளில் அட்டவணை எண் ஒன்று குறையும் பக்கத்தைக் காட்டினால் போதும்.