ஆண்டில் பாதி நாள் நோன்பு: எத்தியோப்பியாவின் தவச் சமையல்

எத்தியோப்பிய மரபுவழித் திருச்சபையின் நோன்பு நாட்காட்டி கிறிஸ்தவ உலகின் மிகக் கடுமையானவற்றுள் ஒன்று. சாதாரண விசுவாசிக்கு ஆண்டில் ஏறக்குறைய 180 நாட்கள் நோன்பு. குருக்களுக்கும் துறவியருக்கும் அது 250 நாட்கள் வரை நீளும். கி.பி. 4ஆம் நூற்றாண்டில் அக்சும் அரசன் எசானா கிறிஸ்தவத்தைத் தழுவிய காலத்தில் வேர்விட்ட சபை இது. 2007 கணக்கெடுப்பின்படி நாட்டு மக்களில் சுமார் 43 சதவீதத்தினர் இச்சபையைச் சேர்ந்தவர்கள். அதனால் நோன்பு தொடங்கினால் வீட்டு அடுப்பு முதல் நகரத்துப் பால் வியாபாரம் வரை எல்லாமே மாறிவிடுகின்றன.

நாட்காட்டியின் அடித்தளம் புதனும் வெள்ளியும். இயேசுவைப் பிடிக்கச் சதியாலோசனை நடந்ததைப் புதனும், அவர் சிலுவையில் அறையப்பட்டதை வெள்ளியும் நினைவூட்டுகின்றன. இவ்விரு நாட்களிலும் நோன்பிருக்கும்படி 'திதாக்கே' என்ற மிகப் பழைய கிறிஸ்தவ நூலே சொல்கிறது. இவற்றுக்கு மேல் பெருநோன்பு இருக்கிறது. ஹுடாடே என்று அழைக்கப்படும் அது 55 நாட்கள்: இயேசு வனாந்தரத்தில் நோன்பிருந்த 40 நாட்கள், பைசாந்தியப் பேரரசன் ஹெராக்ளியஸின் பெயரால் முன்னே சேர்ந்த எட்டு நாட்கள், பின்னே புனித வாரம். கிறிஸ்துமஸுக்கு முன் 43 நாட்கள், ஆகஸ்டில் மரியாளின் விண்ணேற்பை ஒட்டி இரண்டு வாரம், அப்போஸ்தலர் நோன்பு, நினிவே நகரத்தார் மனந்திரும்பியதை நினைக்கும் மூன்று நாட்கள் ஆகியவை மற்றவை. கேரளத்து மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையாரும் இந்த நினிவே நோன்பை இருக்கிறார்கள். இரு சபைகளும் ஒரே கீழை மரபுக் குடும்பம்.

நோன்பு நாளின் விதியில் இரண்டு பகுதிகள் உண்டு. பிற்பகல் மூன்று மணி வரை, அதாவது அன்றைய திருப்பலி முடியும் வரை, தண்ணீர்கூட அருந்தாமல் இருப்பது ஒன்று. நகரத்தில் வேலைக்குப் போகிறவர்கள் நண்பகலோடு முடித்துக்கொள்வதும் உண்டு. பிறகு உண்ணும்போதும் இறைச்சி, பால், வெண்ணெய், முட்டை எதையும் தொடாமல் இருப்பது மற்றொன்று. மீன் உண்ணலாமா என்பதில் மட்டும் மக்களிடையே ஒத்த கருத்து இல்லை. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர் திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் கடைப்பிடிக்கும் ஒருசந்தியும் சுத்தபோசனமும் இங்கே ஆண்டின் பாதி நாட்களுக்கு விரிந்திருக்கின்றன என்று சொல்லலாம்.

இத்தனை நாட்களைச் சலிப்பில்லாமல் கடக்க எத்தியோப்பியப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக ஒரு முழுச் சமையல் முறையையே உருவாக்கி வைத்திருக்கிறார்கள். அதன் நடுநாயகம் இஞ்செரா. கசகசா போல நுண்ணிய டெஃப் தானியத்தை அரைத்து, இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டு, மிதாத் என்ற அகன்ற கல்லில் வார்த்தெடுக்கும் மெத்தென்ற அப்பம் அது. அதன்மேல் பெர்பெரே மிளகாய்ப் பொடி சேர்த்த பயற்றங்குழம்பு, மஞ்சள் சேர்த்த பட்டாணிப் பருப்பு, கீரை, முட்டைக்கோஸும் உருளைக்கிழங்கும் கேரட்டும் கலந்த பொரியல் என்று வகைவகையாகப் பரிமாறுவார்கள். கொண்டைக்கடலை, அவரை போன்றவற்றின் மாவைக் கரைத்துக் காய்ச்சும் ஷிரோ ஏழை, பணக்காரர் எல்லார் வீட்டிலும் உண்டு. மற்ற நாட்களில் குழம்புக்கு மணம் தருவது தாளித வெண்ணெய். நோன்பு நாட்களில் அதனிடத்தில் எண்ணெய் வரும். அதிலும் பேயெள்ளு எண்ணெய்க்குத் தனி மதிப்பு. ஆளிவிதையை வறுத்து அரைத்துக் கரைத்துக் குடிக்கவும் செய்கிறார்கள். விலக்கு என்ற விதியிலிருந்து இவ்வளவு சுவை பிறந்திருப்பது மனிதக் கைகளின் சாதனை.

பெருநோன்பில் கிறிஸ்தவர்களின் இறைச்சிக் கடைகள் மூடிக்கிடக்கின்றன. முஸ்லிம்களின் கடைகள் தனி என்பதால் அவை வழக்கம்போல் இயங்குகின்றன. பால் உற்பத்தியாளருக்கோ இது சிக்கலான காலம். வாங்குவோர் குறைந்துவிட, கறவை மட்டும் நிற்பதில்லை. கெட்டுப்போகும் முன் பாலை வெண்ணெயாகவோ ஆயிப் என்ற பாலாடைக்கட்டியாகவோ மாற்றுகிறார்கள்.

இந்த உணவு உடலுக்கு நல்லதா என்றால், பெரும்பாலும் ஆம். டெஃபில் இரும்பும் சுண்ணாம்பும் நார்ச்சத்தும் நிறைய. புளிக்க வைப்பதால், இரும்பை உடல் ஏற்கவிடாமல் தடுக்கும் ஃபைட்டிக் அமிலம் குறைகிறது. தானியமும் பருப்பும் சேர்வதால் புரதம் நிறைவடைகிறது. கிரேக்க மரபுவழிச் சபையின் நோன்பை கிரீட் தீவில் 120 பேரிடம் ஓராண்டு தொடர்ந்து ஆராய்ந்து 2003இல் வெளியிட்டார்கள். நோன்பிருந்தவர்களின் கெட்ட கொழுப்பு குறைந்திருந்தது. அந்த நோன்பில் இறாலும் கணவாயும் உண்டு என்பதால் அந்த முடிவை அப்படியே எத்தியோப்பியாவுக்குப் பொருத்த முடியாது. ஆனாலும் திசை ஒன்றுதான்.

குறை இருக்கும் இடத்தை மறைக்கக் கூடாது. பி12 சத்து இயல்பாக விலங்குணவில்தான் கிடைக்கிறது. உடல் நலமுள்ள பெரியவர் தம் உடலிலுள்ள சேமிப்பைக் கொண்டு நோன்புக் காலத்தைக் கடந்துவிடுவார். கருவுற்ற பெண்ணும் வளரும் குழந்தையும் அப்படியல்ல. திருச்சபை நோயாளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் விலக்கு அளிக்கிறது. ஆயினும் பல கர்ப்பிணிகள் அதைப் பயன்படுத்த மனமின்றி நோன்பைத் தொடர்கிறார்கள். குழந்தைக்குத் தடையே இல்லாத வீட்டிலும் முட்டை வேகவைத்தால் நோன்புப் பாத்திரம் தீட்டாகிவிடுமோ என்று தாய் தயங்குகிறாள். 2019 கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 37 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்த நாடு அது. வறுமையும் வறட்சியும் அதற்குப் பெரிய காரணங்கள். இருந்தாலும், குழந்தைக்குத் தனிப் பாத்திரம் வைத்துச் சமைக்கலாம், அது பாவமன்று என்று அந்தந்த ஊர்க் குரு சொன்னால், வேறெவர் சொல்வதையும்விடத் தாய்மார் அதை நம்புவார்கள்.

வயிற்றை ஒறுத்து மிச்சம் பிடித்ததை இல்லாதவருக்குக் கொடுப்பதும் இந்த மரபில் நோன்போடு ஒட்டியே வருகிறது. பசித்தவனுக்கு அப்பத்தைப் பகிர்வதே மெய்யான உபவாசம் என்ற ஏசாயா 58ஆம் அதிகாரத்தின் போதனைதான் அதற்கு அடிப்படை. ஈகை இல்லாவிட்டால் மிஞ்சுவது வெறும் உணவுக் கட்டுப்பாடே.

புனித வாரத்தின் இறுதியில் கோதுமையும் அவரையும் வேகவைத்த குல்பான் உண்கிறார்கள். பெரிய வெள்ளியன்று ஆலயத்தில் நெடுநேரம் திரும்பத் திரும்ப விழுந்து வணங்குகிறார்கள். ஃபாசிகா எனப்படும் உயிர்ப்புப் பெருவிழாவின் இரவு வழிபாடு முடிந்து, விடியுமுன் வீடு திரும்பியதும் நோன்பு முறிகிறது. வெங்காயத்தை மணிக்கணக்கில் வதக்கிச் செய்த தோரோ வத் என்னும் கோழிக்குழம்பும் அதில் முழுசாகக் கிடக்கும் அவித்த முட்டைகளும் அன்றைய விருந்து. அதன்பின் பெந்தகோஸ்தே வரை ஐம்பது நாட்களுக்குப் புதன், வெள்ளி நோன்பும் கிடையாது. பெந்தகோஸ்தேக்கு மறுநாள் திங்கட்கிழமை அப்போஸ்தலர் நோன்பு தொடங்குகிறது.